ஒரு விலைப்பட்டியலுக்கு 170 வருசக் கும்பிடு

பழைய சிவப்பு வைன் பற்றின கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு வருசத்தில் போய் நிற்கும்: 1855. "இது 1855இல் தரப்படுத்தப்பட்ட ஷத்தோவின் வைன்" என்று ஒருவர் சொன்னால் போதும், மேசையைச் சுற்றி இருக்கிற எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். போத்தலைப் பிடிக்கிற பிடியே மாறிவிடும். அந்த வருசத்தில் யார் தரம் பிரித்தது, எதை வைத்துப் பிரித்தது என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல வைன் எண்டபடியால்தானே போட்டிருப்பாங்கள்" என்ற அளவில் கதை முடிந்துவிடும்.

நல்ல வைன் என்றபடியால் போடவில்லை. விலை கூடின வைன் என்றபடியால் போட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

நடந்தது இதுதான். 1855இல் பாரிசில் மூன்றாம் நெப்போலியனின் உலகக் கண்காட்சி. பிரான்சின் பெருமை எல்லாவற்றையும் அங்கே பார்வைக்கு வைக்கவேண்டும், போர்தோவின் வைனும் போகவேண்டும். போர்தோ வர்த்தக சபை ஏப்ரல் 5ஆம் திகதி தரகர் சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிறது: எங்கள் மாவட்டத்தின் வைன்களைத் தரம் பிரித்து ஒரு பட்டியல் தாருங்கள். ஏப்ரல் 18ஆம் திகதி பட்டியல் கைக்கு வந்துவிட்டது. 13 நாள். அதற்குள் யாரும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சுவைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தேவையும் தரகர்களுக்கு இருக்கவில்லை. தோட்டக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் நடுவில் நின்று தரகு வாங்குகிற அவர்களிடம், எந்தத் தோட்டத்து வைன் எந்த வருசம் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கு இருந்தது. அந்தக் கொப்பியைப் பார்த்து மேலிருந்து கீழே எழுதினார்கள். 900 லீற்றர் கொண்ட ஒரு 'தொன்னோ' ஏறத்தாழ 3000 பிராங்குக்கு விலைபோனால் முதலாம் தரம். 1400, 1600 பிராங் என்றால் ஐந்தாம் தரம். மற்ற மூன்று தரமும் இடையில்.

முதலாம் தரத்தில் நாலு பேர்: லாஃபிட், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன். முதல் மூன்றும் மெடோக் பகுதி. ஓ-ப்ரியோன் மட்டும் வெளியே, கிராவ் பகுதியில். விலை பெரிது என்றபடியால் அதை விட முடியவில்லை. அதேநேரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள சென்ற்-எமிலியோனும் பொமெரோலும் பட்டியலிலேயே இல்லை. அந்த வைன் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. அது லிபூர்ன் பட்டினத்து வியாபாரிகளின் கையில் இருந்தது, போர்தோத் தரகர்களின் கொப்பியில் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

தரகர்களில் எனக்குக் கோபமில்லை. அவர்களிடம் கேட்டது சந்தை நிலவரம், கொடுத்ததும் சந்தை நிலவரம். இது பலரின் மனதை நோகடிக்கக்கூடிய வேலை என்று அவர்களே தங்கள் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு கண்காட்சிக்காக எழுதின தாளை எடுத்துச் சட்டகம் போட்டு மாட்டி 170 வருசமாகக் கும்பிடுகிறவர்கள் வேறு ஆக்கள்.

சரி, அந்தத் தாளில் இருந்த பெயர்களுக்கும் இன்றைக்கு நீங்கள் வாங்குகிற போத்தலுக்கும் என்ன தொடர்பு? கொடியா? 1860களின் பிற்பகுதியிலிருந்து பிலொக்செரா என்ற பூச்சி வேரைத் தின்று பிரான்சின் தோட்டங்களை அழித்தது. இன்று மெடோக்கில் நிற்கிற கொடிகள் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டு நட்டவற்றின் பரம்பரை. அதற்கு முதல் மல்பெக் திராட்சையும் அங்கே பரவலாக இருந்தது. இப்போது கபெர்னே சோவின்யோனும் மெர்லோவும்தான் ஆட்சி. உடைமையாளரா? லத்தூர் 1993இலிருந்து பினோ என்ற பெருமுதலாளியின் கையில். மூன்றாம் தரத்து லக்ராஞ்சை 1983இல் ஜப்பானின் சந்தோரி வாங்கியது. இரண்டாம் தரத்துப் பிஷோன் பாரோனை 1987இல் ஒரு காப்புறுதிக் கம்பனி, அக்ஸா, வாங்கியது. காணியா? அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பகிடி. மெடோக்கில் தரம் காணிக்கு இல்லை, ஷத்தோவின் பெயருக்கு. தரப்படுத்தப்பட்ட ஒரு ஷத்தோ அதே ஊர்ப்பெயருக்குரிய எல்லைக்குள் பக்கத்து வளவை விலைக்கு வாங்கினால், நேற்றுவரை சாதாரணமாக இருந்த அந்த மண் இன்றைக்குத் தரமான மண். அதையே திருப்பி வித்தால் திரும்பவும் சாதாரணம். வேலியை நகர்த்தினால் மண்ணின் குணம் மாறிவிடுமா? மார்கோவில் தெஸ்மிரை என்று ஒரு மூன்றாம் தர ஷத்தோ. காணி பிரிபட்டு, பெயர் கைமாறி, பல காலம் தனித் தோட்டமாக இல்லாமலே போனது. 1980களில் லுர்டன் குடும்பம் பெயரையும் காணித் துண்டுகளையும் சேர்த்தெடுத்தவுடன் மூன்றாம் தரமாகவே எழும்பி வந்தது. இடையில் எங்கே போயிருந்தது அந்தத் தரம்? பேர்கண்டியில் குறைந்தபட்சம் தரத்தை நிலத்துண்டுக்குக் கொடுக்கிறார்கள். அங்கேயும் சண்டைக்குக் குறைவில்லை, ஆனால் மண் இடம் மாறாது.

பிறப்பை வைத்து ஆளின் தரத்தைச் சொல்லுகிற ஊரில் வளர்ந்த எங்களுக்கு இந்த லொஜிக் ஒன்றும் புதிதில்லை.

இப்ப மூத்தோனுக்கு வருவோம். ஷத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட். தமிழில் வாசித்தால் பட்டியலில் முதலாவதாக நிற்கவேண்டிய பெயர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் செம்மறி என்று அர்த்தம். 1853இல் ரோத்ஷில்ட் குடும்பம் வாங்கியது. இரண்டு வருசத்தில் பட்டியல் வந்தபோது இரண்டாம் தரத்தின் முதல் பெயராக விழுந்தது. 1922இல் இருபது வயதில் பொறுப்பெடுத்த பாரோன் பிலிப் இதைச் சகிக்கவே இல்லை. மனிசனுக்கு மூளை இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதுவரை வைனைப் பீப்பாவோடு வியாபாரிக்கு வித்துவிடுவார்கள், போத்தலில் அடைப்பது வியாபாரியின் வேலை. அவன் என்ன கலந்தான் என்று யாருக்குத் தெரியும்? 1924இல் தன்னுடைய வைன் முழுவதையும் ஷத்தோவிலேயே போத்தலில் அடைக்கத் தொடங்கியவர் பிலிப். 1945இலிருந்து ஒவ்வொரு வருசமும் ஒரு ஓவியரைக் கொண்டு லேபிள் செய்வித்தார்கள். டாலி, மிரோ, ஷகால், வோர்ஹோல், பிறகு அனிஷ் கபூர் வரை வந்திருக்கிறார்கள். (லேபிளுக்காகவே வாங்கி, திறக்காமல் அடுக்கி வைக்கிற கூட்டமும் இருக்கு. அதை வைன் விரும்பிகள் என்று சொல்லுறதா முத்திரை சேர்க்கிறவர்கள் என்று சொல்லுறதா தெரியாது.)

இத்தனையும் செய்துகொண்டு அரசாங்கத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1973இல் கதவு திறந்தது. அப்போதைய விவசாய அமைச்சர் கையெழுத்துப் போட்டார், மூத்தோன் முதலாம் தரம். அமைச்சரின் பெயர் ஜாக் ஷிராக், பிறகு ஜனாதிபதியாக வந்தவர். அந்த வருசத்து லேபிளில் பிக்காசோவின் படம்.

இதை வைன் உலகம் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லும். எனக்கு இது வாக்குமூலம் மாதிரித்தான் கேட்கிறது. பட்டியல் சரி என்றால் மூத்தோனை உயர்த்தியது பிழை. உயர்த்தியது சரி என்றால் 118 வருசமாகப் பட்டியல் பிழை. இதில் எது என்று போர்தோ இன்றுவரை சொல்லவில்லை. ஒருவரை மேலே ஏற்றினார்கள், ஒருவரைக்கூடக் கீழே இறக்கவில்லை. ஒரு தலைமுறையே சோம்பேறித்தனமாக வைன் செய்த ஷத்தோக்களும் தங்கள் இரண்டாம் தரம், மூன்றாம் தரத்தை வைத்துக்கொண்டு சொகுசாக இருந்தன. தாத்தா எடுத்த மார்க்கை வைத்துப் பேரன் வகுப்பேறுகிற பள்ளிக்கூடம்.

1855இன் முறை நேர்மையானது என்று நம்புகிறவர்கள் அதையே இன்றைக்குத் திரும்பச் செய்யலாமே. லண்டனில் லிவ்-எக்ஸ் என்ற வைன் சந்தை அதைச் செய்தது. 2009இலிருந்து இடைக்கிடை, நிகழ்கால விலையை வைத்து மட்டும் தரம் பிரித்து வெளியிடுகிறது. முதல் தடவையே 1855 பட்டியலில் இல்லாத லா மிசியோன் ஓ-ப்ரியோன் முதலாம் தரத்துக்கு வந்தது. ஐந்தாம் தரத்து லின்ஷ்-பாஜ் இரண்டாம் தரத்துக்கு ஏறியது. அதாவது விலையை நம்புகிறவர்களும் 1855ஐ நம்ப முடியாது.

இந்த இடத்தில் வைன் தெரிந்த ஒரு நண்பர் கட்டாயம் குறுக்கே வருவார்: "எல்லாம் சரி, ஆனா அந்த வைனை 30 வருசம் வைச்சுக் குடிச்சுப் பார், பிறகு கதை." நியாயமான வாதம், பதில் சொல்லவேண்டும்.

முதலில் ஒத்துக்கொள்ளவேண்டியதை ஒத்துக்கொள்வோம். முதிர்ச்சி என்பது கட்டுக்கதை இல்லை. மெடோக்கின் கூழாங்கல் மண்ணில் விளைந்த கபெர்னே இளசில் குடிக்கக் கஷ்டமானது. திராட்சையின் தோலிலும் விதையிலும், பிறகு ஓக் பீப்பாவிலும் இருந்து வருகிற துவர்ப்பு, கடும் பிளேன்ரீ குடித்த மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்கும். 225 லீற்றர் பீப்பாவில் ஒன்றரை வருசம் அளவில் கிடந்து, போத்தலுக்குள் போய், குளிரான இருட்டு அறையில் படுத்துக் கிடக்கிறது. அங்கே துவர்ப்புத் தரும் பொருள்களும் நிறம் தரும் பொருள்களும் ஒன்றோடொன்று கோர்த்து நீண்ட சங்கிலிகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி மண்டியாகக் கீழே படிகிறது. ஊதா கலந்த சிவப்பு மெல்ல மெல்ல ஓட்டு நிறத்துக்கு இறங்குகிறது. பழ வாசம் பின்னுக்குப் போய், காய்ந்த புகையிலை, தேவதாரு, தோல், மழைக்குப் பிறகு வருகிற மண், காளான் என்று வேறொரு வரிசை முன்னுக்கு வருகிறது. பொயாக் ஊர் வைனில் சுருட்டுப் பெட்டி வாசம் என்று பிரெஞ்சுக்காரர் சொல்லுவார்கள். சுருட்டு தெரிந்த யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவர் மணந்து பார்த்தால் அவருக்கும் விளங்கும். இது அருமையான விசயம். ஒரு திரவம் 30 வருசம் உயிரோடு இருந்து வேறொன்றாக மாறுவது அருமைதான்.

ஆனால் இந்த அருமைக்கும் 1855க்கும் என்ன சம்பந்தம்? 1976 மே 24ஆம் திகதி பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி ஒரு குருட்டுச் சுவைப்பு நடத்தினார். லேபிளைக் காட்டாமல் ஊற்றிக் கொடுத்து, புள்ளி போட்டவர்கள் பிரெஞ்சு நிபுணர்கள். மூத்தோன் 1970, ஓ-ப்ரியோன் 1970 எல்லாம் மேசையில் இருந்தன. சிவப்பில் முதலாவது வந்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப், 1973. போட்டவர்களுக்கே அதிர்ச்சி. உடனே ஒரு சமாதானம் வந்தது: கலிபோர்னியா வைன் இளசில் இனிக்கும், போர்தோ முதிர்ந்த பிறகுதான் பேசும், பொறுத்திருந்து பாருங்கள். பொறுத்திருந்தார்கள். சரியாக 30 வருசம். 2006இல் அதே சிவப்பு வைன்களைத் திரும்பச் சுவைத்தபோது முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு. முதலிடம் ரிட்ஜ் மொன்றே பெல்லோ 1971. மூத்தோன் அதற்குப் பிறகுதான். ஒரு நாள் சுவைப்பு இறுதித் தீர்ப்பு இல்லை, தெரியும். ஆனால் 'முதிர்ச்சி எங்கள் பரம்பரைச் சொத்து' என்ற கதைக்கு அதற்குப் பிறகு என்ன மிச்சம்?

போர்தோப் பல்கலைக்கழகத்திலேயே இன்னொன்று நடந்தது. பிரெடரிக் புரொஷே என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வெள்ளை வைனில் வாசமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, வைன் படிக்கிற 54 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆய்வு 2001இல் வெளிவந்தது. சிவப்பு வைனுக்குச் சொல்லுகிற வாசங்களை அவர்கள் அதற்குச் சொன்னார்கள். ஒரே வைனை மலிவு லேபிளோடும் பெரிய லேபிளோடும் கொடுத்தபோது கருத்தும் லேபிளோடேயே போனது. இதைக் காட்டி, "வைன் சுவை என்பதே டூப்" என்று சிரிக்கிற ஆக்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுவை இருக்கு. கண்ணும் லேபிளும் விலையும் அதற்கு முந்திக்கொள்ளுகின்றன, அதுதான் பிரச்சினை. பாரிஸ் உணவகங்களின் குசினிகளில் எங்கட பெடியள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். நாள் முழுக்க வைன் வாசத்துக்குள் நிற்கிற அவர்களில் ஒருவர் ஒரு வைனைச் சுவைத்து "இது செத்துப்போச்சு" என்று சொன்னால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். வெளியே மேசையில் 1855 என்று லேபிளில் வாசித்துவிட்டுச் சொக்கிப் போகிறவரின் நாக்குக்குத்தான் மதிப்பு.

அந்த நாக்கின் லட்சணத்தை மோசடிக்காரர்கள் நல்லாவே அறிந்து வைத்திருந்தார்கள். 1985இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில், தோமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமானது என்று சொல்லப்பட்ட 1787ஆம் வருசத்து லாஃபிட் போத்தல் 105,000 பவுணுக்குப் போனது. கொண்டுவந்தவர் ஹார்டி ரோடன்ஸ்டொக் என்ற ஜெர்மன்காரர். அதே தொகுதியில் நாலு போத்தல் வாங்கின அமெரிக்கக் கோடீஸ்வரர் பில் கோக் பிறகு துப்பறிவாளர்களை வைத்து ஆராய்ந்தபோது, கண்ணாடியில் இருந்த எழுத்துப் பொறிப்பு நவீன மின் கருவியால் செய்யப்பட்டது என்று தெரியவந்தது. அதற்குப் பிறகு ரூடி குர்னியவான். கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே பழைய லேபிள்களும் தக்கைகளும் வைத்துக்கொண்டு அரிய போர்தோ, பேர்கண்டி 'தயாரித்தவர்'. 2012இல் பிடிபட்டு, 2014இல் 10 வருசச் சிறைத் தண்டனை பெற்றார். அவரின் போத்தல்களைத் திறந்து குடித்தவர்கள் உலகத்தின் பெரிய பெரிய சேகரிப்பாளர்கள். குடித்துவிட்டுப் பாராட்டினார்கள். அவரை மாட்டிவிட்டதில் நாக்கைவிட லேபிளும் தாளும் பசையும், அந்த வருசத்தில் இருந்தே இராத வைன்களின் பெயரும்தான் கூட வேலை செய்தன.

"அப்ப பட்டியலைத் திருத்தலாமே" என்று சொல்லுகிற நல்ல மனம் படைத்தவர்களுக்கு: சென்ற்-எமிலியோன் அதைத்தான் செய்தது. 1955இல் தனக்கென்று ஒரு பட்டியல், பத்து வருசத்துக்கு ஒருக்கால் திருத்துவது என்று விதி. கேட்க நல்லாயிருக்கு. 2006ஆம் ஆண்டுப் பட்டியல், கீழே இறக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. 2012ஆம் ஆண்டுப் பட்டியலும் நீதிமன்றம் ஏறியது. 2021இல் உச்சியில் இருந்த ஒசோனும் ஷெவால் பிளாங்கும் விளம்பரத்துக்கும் சுற்றுலாவுக்கும் புள்ளி போடுகிற இந்த விளையாட்டு வேண்டாம் என்று வெளியேறின. அடுத்த வருசம் ஆன்ஜெலுஸ். பக்கத்துப் பொமெரோலில் பட்டியலே இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. உலகத்தின் மிக விலையுயர்ந்த வைன்களில் ஒன்றான பெற்றுஸ் அங்கேதான் வருகிறது. பட்டியல் இல்லாமல் யாரும் தாகத்தில் சாகவில்லை.

இதெல்லாம் பணக்காரரின் தலையிடி, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். ஆனால் அதே போர்தோவில் ஒரு லட்சம் ஹெக்டேயருக்கு மேல் திராட்சை நின்றது. தரப்படுத்தப்பட்டது அதில் ஒரு சின்ன மூலை. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். 1855இன் தோட்டங்கள் வைனைப் பீப்பாவில் இருக்கும்போதே, போத்தலில் அடைக்க முதலே, முற்கூட்டி விற்றுப் பணம் பார்க்கின்றன. அதே நேரம் பட்டியலுக்கு வெளியே உள்ள சிறு விவசாயி 900 லீற்றரை ஆயிரம் யூரோவுக்கும் கீழே கொடுக்கவேண்டிய நிலை. 2023இல் கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தால் ஹெக்டேயருக்கு 6000 யூரோ தருகிறோம் என்று திட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஓகஸ்டில் மிஞ்சிப்போன வைனை அழித்து அல்ககோலாக்க 200 மில்லியன் யூரோ என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. தாத்தா காலத்துக் கொடியைப் பிடுங்கி எரிக்கிறவரின் வளவில் இருந்து கொஞ்சத் தூரத்தில், பொயாக்கில், ஒரு ஹெக்டேயர் இரண்டு மில்லியன் யூரோவுக்கும் மேலே. அந்த விலையில் காணி இருந்தால் அதை யார் வாங்குவார்கள்? காப்புறுதிக் கம்பனிதான்.

கொடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர்களும் பழம் பிடுங்குகிறவர்களும் இன்னும் கீழே. பல இடங்களில் ஷத்தோ அவர்களை நேரே வேலைக்கு எடுப்பதில்லை, இடையில் ஒப்பந்தக்காரர். மெடோக்கின் முனையிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடாக ஒரு வறுமைத் தாழ்வாரம் ஓடுகிறது என்று பிரான்சின் புள்ளிவிபர நிறுவனமான இன்செ படம் போட்டுக் காட்டியது. அதன் வழியே போய் இக்ஷெல் டெலாபோர்த் என்ற பத்திரிகையாளர் 2018இல் ஒரு புத்தகமே எழுதினார். தலைப்பின் அர்த்தம் 'துயரத்தின் திராட்சைகள்' என்று வரும். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பெயர்ப்பலகைகளும் மாதக் கடைசியில் காசில்லாத குடும்பங்களும் ஒரே தெருவில்.

இந்த இடைவெளிக்கு 1855 மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. பிரான்சிலேயே குடி குறைந்துவிட்டது, சீனச் சந்தை சுருங்கிவிட்டது, வேறும் பல இருக்கு. ஆனால் எந்த மேசையிலும் "ஏன் இதுக்கு 600, அதுக்கு 4?" என்று கேட்கவிடாமல் வாயை மூடுகிற வேலையை அந்த வருசம் செய்கிறது. நல்ல பருவத்தில், நல்ல கையால், பெயரில்லாத தோட்டத்தில் செய்த ஒரு போர்தோ பத்து வருசம் அழகாக முதிரும். அதை வைத்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை, ஏனென்றால் லேபிளில் அந்த நாலு இலக்கம் இல்லை.

என்னுடைய கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. லேபிளில் '1855இல் தரப்படுத்தப்பட்ட கிராண்ட் க்ரூ' என்று தாராளமாகப் போடட்டும், சட்டம் அனுமதிக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரியையும் அதே அளவு எழுத்தில் அச்சடிக்கட்டும்: 'போர்தோத் தரகர்களின் விலைக் கணக்கின்படி, 18 ஏப்ரல் 1855.' அதை வாசித்த பிறகு யாருக்கு எவ்வளவு குடுக்க விருப்பமோ குடுக்கட்டும்.